எந்தச் சிறுநீரகம்? சீன மருத்துவ உறுப்புகளும் உடற்கூறும்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இடுப்புவலியோடு வீடு திரும்பும் பவர் டேபிள் டெய்லர் ஒருவர், தம் சிறுநீரகத்தைப் பற்றி இருவேறு தீர்ப்புகளைக் கேட்கக்கூடும். அரசு மருத்துவமனையில் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் இறங்கவில்லை, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்பார்கள். அக்குபங்சர் நிலையத்தில் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, சிறுநீரகச் சக்தி குறைந்துவிட்டது, இடுப்புவலிக்கும் முடி உதிர்வதற்கும் காரணமில்லாத பயத்துக்கும் அதுவே மூலம் என்பார்கள். ஒரே உறுப்பைப் பற்றிய இரண்டு கருத்துகளா இவை, அல்லது ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு வெவ்வேறு பொருள்களா? சீனாவில் இந்தக் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. தமிழில் அது பெரும்பாலும் கேட்கப்படாமலே கடந்து போகிறது. சீன மருத்துவம் சொல்லும் உறுப்பைச் செயல்களின் தொகுப்பு என்றும் கொள்ளலாம், வயிற்றுக்குள் இருக்கும் சதை என்றும் கொள்ளலாம். முதலாவதைக் கொண்டால் ஆய்வக முடிவுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை போய்விடுகிறது. இரண்டாவதைக் கொண்டால் உடற்கூறு வைக்கும் தேர்வில் தேற வேண்டும். எதைக் கொள்வது என்பது அவரவர் விருப்பம். வசதிக்கேற்ப இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான் நோயாளிக்குக் கேடாக முடிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ இதன் மூலநூல். இதயம், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் உயிர்ச் சத்தைச் சேமித்துவைக்கும் உள்ளுறுப்புகள். பித்தப்பை, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், சிறுநீர்ப்பை, ‘மூவெப்பமண்டலம்’ ஆகிய ஆறும் உணவையும் நீரையும் கடத்தும் வெற்றுறுப்புகள். ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம், ஒரு புலன், ஒரு திசு, ஓர் உணர்ச்சி, ஒரு பருவம், ஒரு சுவை, ஒரு நிறம் உண்டு. கல்லீரலுக்குக் கண்ணும் தசைநாரும் கோபமும். சிறுநீரகத்துக்குக் காதும் எலும்பும் பயமும். நுரையீரலுக்கு மூக்கும் தோலும் துக்கமும். செரிமானத்தை ஆள்வது மண்ணீரல், மனம் குடியிருப்பது இதயத்தில். இதய உறையையும் சேர்த்துப் பன்னிரண்டு உறுப்புகளுக்கும் பன்னிரண்டு சக்திப் பாதைகள் தோலின் கீழ் ஓடுகின்றன, ஊசி குத்தும் புள்ளிகள் அப்பாதைகளில் அமைகின்றன. இவற்றுள் மூவெப்பமண்டலம் தனிச் சிறப்புடையது. அதற்குப் பெயர் உண்டு, வடிவம் கிடையாது என்று கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ‘நான்ஜிங்’ நூலே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கோட்பாடு நம்மிடம் வந்த வழி நீண்டது. 1938-ல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிஸுடன் இருந்த பி. கே. பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுவந்து கல்கத்தாவில் பரப்பினார். தெற்கே, கொழும்பு களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சி தமிழ்நாட்டையும் எட்டியது. இந்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019-ல் தனித்த முறை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் இது புதிய வடிவம் எடுத்தது. மருந்து வேண்டாம், பரிசோதனை வேண்டாம், ஓர் ஊசியோ ஒரு விரல் தொடுதலோ போதும், உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்ற கொள்கையோடு அது சேர்ந்தது. புத்தகங்கள், வார இறுதி வகுப்புகள், யூடியூப் காணொளிகள் வழியாகச் சென்னையிலிருந்து கம்பம் வரையும் கோவை, திருப்பூர் வட்டாரத்திலும் பரவியது. அது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து நிமிடம்கூட உட்காரவைத்துக் கேட்காத மருத்துவத்தால் சலித்தவர்களுக்கு, தூக்கம், பசி, கோபம், கவலை என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் ஒருவர் கிடைத்தார். அந்த ஈர்ப்பை இகழ்ந்துவிட்டு இந்தக் கேள்வியை ஆராய முடியாது.

சீன மருத்துவத்துக்காக இன்று முன்வைக்கப்படும் வலுவான வாதம், அது தொடக்கம் முதலே செயல்களைப் பற்றித்தான் பேசியது, சதையைப் பற்றிப் பேசவே இல்லை என்பது. வரலாறு இதற்கு முழுமையாக இடம் தரவில்லை. நெய்ஜிங்கின் ஒரு பகுதியான ‘லிங்ஷு’, இறந்தவரை அறுத்துப் பார்க்கலாம் என்கிறது. உணவுக்குழாய், இரைப்பை, குடல்களின் நீள அகலங்களையும் தருகிறது. உணவுக்குழாய்க்கும் குடலுக்கும் அது சொல்லும் நீள விகிதம் இன்றைய அளவீட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கி.பி. 16-ல் பேரரசர் வாங் மாங், கொல்லப்பட்ட எதிரி ஒருவரின் உடலை மருத்துவரையும் கசாப்புக்காரரையும் கொண்டு அறுக்கச் செய்தார். உறுப்புகள் அளக்கப்பட்டன; குருதிக்குழாய்களின் தொடக்கமும் முடிவும் அறிய மூங்கில் ஈர்க்கு நுழைத்துப் பார்த்தார்கள். நான்ஜிங் ஒவ்வோர் உறுப்புக்கும் எடை சொல்கிறது. கல்லீரலுக்கு இடப்புறம் மூன்று, வலப்புறம் நான்கு என ஏழு மடல்கள். இதயத்துக்கு ஏழு துளைகள். மண்ணீரலோடு அரை ஜின் எடையில் ‘சிதறிய கொழுப்பு’ ஒன்று. இந்தக் கடைசிக் குறிப்பு கணையத்தைச் சுட்டுவதாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். ஆக, அந்த மருத்துவர்கள் பேசியது தராசில் வைத்து நிறுக்கத்தக்க கல்லீரலைப் பற்றியே. அந்தச் சதை உறுப்பின் மேல்தான் கோபமும் வசந்தகாலமும் ஏற்றப்பட்டன. செயலும் சதையும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன.

பின்வந்த நூற்றாண்டுகளில் கண்ணால் கண்டது கோட்பாட்டோடு மோதியபோதெல்லாம் பெரும்பாலும் கோட்பாடே வென்றது. சோங் வம்ச காலத்தில், 1045-ல், மரண தண்டனைக்குள்ளான கலகக்காரர்களின் உடல்களை அறுத்து ஓவியங்கள் தீட்டினார்கள். அந்த ஓவியங்கள் பழைய உறுப்புப் பட்டியலுக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டன. கோட்பாட்டை நேருக்கு நேர் எதிர்த்தவர் வாங் சிங்ரென் என்ற மருத்துவர். 1797-ல் கொள்ளைநோயில் மடிந்த குழந்தைகளின் சடலங்கள் சரியாகப் புதைக்கப்படாமல் கிடந்த இடத்துக்கு நாள்தோறும் சென்று உள்ளுறுப்புகளைக் கவனித்தார். உறுப்பு தெரியாமல் நூல் எழுதுவது வீண் என்ற முடிவுக்கு வந்தார். முன்னோர் பிழைகளைத் திருத்தும் அவருடைய நூல் 1830-ல் வெளிவந்தது. நினைவு தங்குவது மூளையில், இதயத்தில் இல்லை என்று அதில் எழுதினார். ஜப்பானிலும் இதுவே நடந்தது. 1771-ல் சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் கையில் டச்சு உடற்கூற்று நூலோடு ஓர் உடலறுப்பை நேரில் பார்த்தார்கள். சீன நூல்களின் படங்களோடு உடல் ஒத்துப்போகவில்லை, டச்சுப் படங்களோடு அச்சாக ஒத்துப்போனது. அந்த நூலை அவர்கள் மொழிபெயர்த்து 1774-ல் வெளியிட்டார்கள். கீழை நாட்டு மருத்துவர்கள் தங்கள் கண்ணை நம்பி எழுப்பிய கேள்வி இது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

செயலையும் சதையையும் பிரித்துப் பேசும் வாதம் இருபதாம் நூற்றாண்டில்தான் முழு உருவம் பெற்றது. 1917-ல், ஜப்பானில் மருத்துவம் படித்த யூ யுன்சியூ, நெய்ஜிங்கின் உறுப்புக் கோட்பாடு உடற்கூற்றுக்கு முற்றிலும் முரணானது என்று வரிவரியாக விமர்சித்து எழுதினார். 1922-ல் யுன் தியெச்சியாவ் அதற்கு மறுமொழி தந்தார்: நெய்ஜிங் சொல்லும் ஐந்து உறுப்புகள் இரத்தமும் சதையுமான உறுப்புகள் அல்ல, நான்கு பருவங்களின் உறுப்புகள். 1929-ல் சீன மருத்துவத்தையே தடைசெய்யும் தீர்மானத்தை யூ யுன்சியூ முன்மொழிந்தபோது எழுந்த பெரும் எதிர்ப்பில் சீன மருத்துவம் தப்பியது, யுன் தந்த விடையும் நிலைபெற்றது. 1974-ல் ஜெர்மானிய அறிஞர் மன்ஃப்ரட் போர்கெர்ட், இவற்றை உறுப்பு என்று சொல்லாமல் செயல்களின் வட்டம் என்றே சொல்ல வேண்டும் என்று வாதிட்டார். அறிவு நேர்மையோடு எடுக்கப்பட்ட நிலைப்பாடு இது. மண்ணீரல் எப்படிச் செரிமானம் செய்யும் என்ற கேள்வியிலிருந்து கோட்பாட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சீன மருத்துவத்தின் சிறுநீரகம் நெஃப்ரான்களால் ஆன சிறுநீரகம் இல்லை என்றால், சிறுநீரகப் புள்ளியைத் தூண்டிச் சிறுநீரகச் செயலிழப்பைக் குணப்படுத்துகிறோம் என்று யாரும் விளம்பரம் செய்ய முடியாது. டயாலிசிஸை நிறுத்து என்று சொல்லவும் முடியாது. யுன் தந்த கேடயத்தை ஏந்துகிறவர் இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

கேடயம் வேண்டாம், இது அசல் உறுப்பேதான் என்பவர்களுக்கு மண்ணீரல் முதல் சோதனை. உணவைச் சத்தாக மாற்றி உடலெங்கும் அனுப்புவது மண்ணீரல், இரத்தம் குழாயைவிட்டு வெளியேறாமல் பிடித்துவைப்பதும் மண்ணீரல் என்பது சீன மருத்துவம். இடது விலாவின் கீழ் இருக்கும் உண்மையான மண்ணீரல், முதிர்ந்த சிவப்பணுக்களை வடிகட்டி அழிக்கிறது, நோய்க்கிருமிகளை எதிர்க்கிறது. விபத்தில் மண்ணீரல் சிதைந்தவர்களுக்கும், தலசீமியா நோயாளிகள் சிலருக்கும் அதை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்கள் வழக்கம்போலச் சாப்பிடுகிறார்கள், செரிக்கிறது. நியுமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குக் கட்டாயம். இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. தட்டணுக்கள் அழிந்து தோலிலும் ஈறிலும் இரத்தம் கசியும் ஒருவகை நோயில், தட்டணுக்களை அழிப்பதே மண்ணீரல்தான். மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டால் பலருக்கு இரத்தக்கசிவு நின்றுவிடுகிறது. இரத்தத்தைப் பிடித்துவைக்கும் உறுப்பை எடுத்ததால் இரத்தக்கசிவு நிற்கிறது என்றால், கோட்பாடு சொல்வதற்கு நேர் எதிரானது அங்கே நடக்கிறது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை வேறொரு வாதம் எழுகிறது. சிறுநீரகமே எலும்பையும் மஜ்ஜையையும் ஆள்கிறது என்று முன்னோர் சொன்னார்கள். வைட்டமின் டி-யைச் செயல்வடிவமாக்கி எலும்பைக் காப்பதும், எரித்ரோபொய்டின் சுரந்து மஜ்ஜையில் சிவப்பணு உருவாகச் செய்வதும் சிறுநீரகமே என்று விஞ்ஞானம் பின்னால் கண்டுபிடித்தது. அன்றே அறிந்திருந்தார்கள் என்பது அந்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பொருந்தியவற்றை மட்டும் எண்ணிப் பொருந்தாதவற்றை விட்டுவிடும் கணக்கு இது. அதே சிறுநீரகத்துக்குத் தலைமுடியும் பயமும் மனவுறுதியும் இனப்பெருக்கமும் குளிர்காலமும் உவர்ப்புச் சுவையும் கருநிறமும் சொல்லப்பட்டுள்ளன. ஐந்து உறுப்புகளுக்கும் இப்படிப் பல பத்து இணைப்புகள். அத்தனை அம்புகளை எய்தால் இரண்டு மூன்று குறியில் தைப்பது தற்செயலாகவே நடக்கும். மேலும், எரித்ரோபொய்டின் என்ற பொருளைத் தேடிச் செல்லும் வழியை அந்தப் பழைய இணைப்பு யாருக்கும் காட்டவில்லை. கண்டுபிடிப்பு வந்த பிறகுதான் பழைய வரி தூசு தட்டி எடுக்கப்பட்டது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி, அது சரியா தவறா என்று சோதிக்க இடம் தருவதுதான் அறிவு. முடிவு தெரிந்த பின் பொருத்திக் காட்டுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மாற்றுச் சிறுநீரக அறுவை இந்த வாதத்துக்கு நேரடியான சோதனையாகவே அமைந்துவிட்டது. 1954-ல் பாஸ்டனில் இரட்டைச் சகோதரர்களிடையே ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று அறுவை முதல் இன்றுவரை உலகெங்கும் எண்ணற்ற சிறுநீரகங்கள் உடல் விட்டு உடல் மாறியிருக்கின்றன. தானம் பெறுபவருக்குப் புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்பின் குழியில் வைக்கிறார்கள். அதன் நரம்புகளை யாரும் இணைப்பதில்லை. தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றை மட்டுமே தைக்கிறார்கள். சக்திப் பாதையென்று சொல்லப்படும் எந்தத் தொடர்பும் இல்லாத அந்த இடத்தில் அது சிறுநீரைப் பிரிக்கிறது, எரித்ரோபொய்டின் சுரக்கிறது. தானம் தந்தவரைப் பாருங்கள். நம் நாட்டில் உயிரோடு தானம் தருபவர்களில் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவிமாரும். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்ததால் அவர்களுக்குச் செவித்திறன் பாதியாவதில்லை, துணிவு குறைவதில்லை. தானத்துக்குப் பின் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். வலப்புறத்தது சிறுநீரகமே இல்லை, அதுவே ‘உயிரின் வாசல்’ என்கிறது நான்ஜிங். வலப்புறச் சிறுநீரகத்தைத் தானம் தந்தவர்களும் நலமாக வாழ்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு மாற்றம், சீனர்களே செய்து பார்க்காத ஒரு சோதனையை நம் முன் வைக்கிறது. சீனக் கோட்பாட்டின் ஐந்து மூலங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். தமிழ் அக்குபங்சர் நூல்களிலும் வகுப்புகளிலும் பலர் இவற்றை நம் பஞ்சபூதங்களோடு இணைத்துவிட்டார்கள். மரம் இருந்த இடத்தில் ஆகாயம் வந்து கல்லீரலுக்குரியதானது; உலோகத்தின் இடத்தில் காற்று வந்து நுரையீரலுக்குரியதானது. சீனக் கோட்பாட்டில் மூலங்களிடையே உள்ள உறவுகளே சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன: நீர் மரத்தை வளர்க்கும், மரம் எரிந்து நெருப்பாகும், உலோகம் மரத்தை வெட்டும். ஆகாயமும் காற்றும் வந்தபின் இந்த உறவுகளுக்கு அடிப்படையே இல்லை. காற்று ஆகாயத்தை வெட்டுவதில்லை. ஆயினும் புள்ளிகள் மாறவில்லை, சிகிச்சை மாறவில்லை, பலன் குறைந்ததாக யாரும் சொல்லவும் இல்லை. ஐந்து தூண்களில் இரண்டை மாற்றியும் கூரை அசையவில்லை என்றால், கூரையைத் தாங்கியவை அந்தத் தூண்கள் இல்லை என்றுதான் பொருள். பூதங்கள் வெறும் குறியீடுகள், எந்தப் பெயரும் பொருந்தும் என்று மறுமொழி வரலாம். அப்படியானால் அந்தக் குறியீடுகளிலிருந்து தருவிக்கப்பட்ட உறுப்பு உறவுகளும் குறியீடுகளே. அவற்றை வைத்து ஒருவருடைய கல்லீரலின் நிலையை முடிவு செய்ய இயலாது.

நாடி பார்ப்பதிலும் இதே சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே ஆரைத் தமனி ஓடுகிறது. சீன மருத்துவர் அதன்மேல் மூன்று விரல்களை வைக்கிறார். இடது கையின் மூன்று இடங்களில் இதயம், கல்லீரல், சிறுநீரகமும், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், உயிரின் வாசலும், ஒவ்வொன்றின் இணை உறுப்பும் அவருக்குத் தெரிகின்றன. சித்த மருத்துவரும் அதே இடத்தில் அதே மூன்று விரல்களை வைக்கிறார். அவருக்கு ஆள்காட்டி விரலில் வாதமும் நடுவிரலில் பித்தமும் மோதிர விரலில் கபமும் தெரிகின்றன. விரலுக்கடியில் இருப்பதோ ஒரே தமனி, அதில் வருவது ஒரே அலை. ஓர் அங்குல இடைவெளிக்குள் அந்த அலை கல்லீரலின் செய்தியையும் சிறுநீரகத்தின் செய்தியையும் தனித்தனியே சுமந்து வரும் என்பதற்கு உடற்கூற்றில் இடமில்லை. அந்தத் தமனியில் படிக்க முடிந்தவை வேறு: துடிப்பின் வேகம், சீர், அழுத்தம். ஒழுங்கற்ற துடிப்பைக் கைவிரலால் உணர்ந்து இதய நோயைச் சந்தேகிக்கும் திறமை எந்த மருத்துவருக்கும் பெருமைக்குரியது. அனுபவமுள்ள நாடி வைத்தியரின் கூர்மையில் பெரும்பங்கு, நாடி பார்க்கும் நேரத்தில் நோயாளியின் முகத்தையும் குரலையும் மூச்சையும் கவனிப்பதிலிருந்து வருகிறது என்று கருத இடமுண்டு. அந்தக் கவனிப்பை மதிக்கலாம், அதற்காகப் பன்னிரண்டு உறுப்புகளின் வரைபடத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் வரும் மிக இயல்பான எதிர்ப்பு, நோயாளிகளுக்கு நலமாகிறதே என்பது. நலமாகிறது என்பது உண்மை, குறிப்பாக வலியில். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குப் பின் முன்னேற்றம் கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படி முன்னேறியவர்கள் 27.4 சதவீதத்தினர் மட்டுமே. இந்த அளவில் ஊசிக்குப் பெரிய வெற்றி. ஆனால் மூன்றாவது குழு ஒன்றும் இருந்தது. அவர்களுக்குச் சக்திப் பாதைகளுக்கு வெளியே, புள்ளியே இல்லாத இடங்களில், மேலோட்டமாகக் குத்தினார்கள், அவர்களில் 44.2 சதவீதத்தினர் முன்னேறினர். ஊசி, படுக்கை, கவனிப்பு, எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து ஏதோ நல்லது செய்கின்றன. எந்த உறுப்பின் எந்தப் புள்ளி என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. அக்குபங்சர் இடுப்புவலிக்கு உதவலாம் என்று சொல்ல இந்த ஆய்வு போதும். சிறுநீரகச் சக்தி கூடியதால் வலி நீங்கியது என்று சொல்ல இது போதாது.

இன்னும் இரண்டு எதிர்ப்புகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் தந்ததே சீன மருத்துவம்தானே என்பது ஒன்று. அதைக் கண்டுபிடித்த து யூயூ 2015-ல் நோபல் பெற்றார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹாங் எழுதிய குறிப்பிலிருந்து அவருக்குத் துப்புக் கிடைத்தது. ஆனால் அவர் அந்த மூலிகைச் சாற்றைக் குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்து, மலேரியா ஒட்டுண்ணி தொற்றிய விலங்குகளில் சோதித்தார். உறுப்புக் கோட்பாட்டுக்கு அந்தக் கண்டுபிடிப்பில் எந்த வேலையும் இருக்கவில்லை. பழைய அனுபவத்தில் மணி இருக்கிறது என்பதையும், சோதனையே அதைப் பதரிலிருந்து பிரிக்கிறது என்பதையும் அவருடைய பணி ஒருசேரக் காட்டுகிறது. நவீன மருத்துவத்திலும் சதை காட்டாத பெயர்கள் உண்டே என்பது அடுத்த எதிர்ப்பு. உண்டு. எரிச்சல் குடல் நோய்க்கு அறுத்துப் பார்த்தால் புண் தெரியாது. கருப்பையே காரணம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஹிஸ்டீரியா என்ற நோயையும் மேலை மருத்துவம் வைத்திருந்தது. ஆனால் கருப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெரிந்ததும் விளக்கத்தைக் கைவிட்டது, பின்னர் பெயரையே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. தவறு செய்யாத மருத்துவம் எதுவுமில்லை. தவறு தெரிந்தபின் பெயரையும் விளக்கத்தையும் திருத்த ஒப்புக்கொள்கிறதா என்பதே வேறுபாடு. வாங் சிங்ரென் கேட்டதும் அதைத்தான்.

இந்த விவாதம் நூல்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் திருப்பூர் வட்டாரத்தின் வேலைமுறையே சான்று. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் பனியன் கம்பெனிகளில் விடிய விடிய வேலை நடக்கும். இரவு 11 முதல் 1 வரை பித்தப்பைக்கு, 1 முதல் 3 வரை கல்லீரலுக்கு, 3 முதல் 5 வரை நுரையீரலுக்கு உரிய நேரம் என்ற உறுப்புக் கடிகாரப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உயிரியல் கடிகாரத்துக்கு 2017-ல் நோபல் கிடைத்ததே அதற்குச் சான்று என்றும் சொல்லப்படுகிறது. இரவுவேலை உடலைக் கெடுக்கிறது என்பது உண்மை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால் நோபல் பெற்ற ஆய்வு காட்டும் கடிகாரம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓடுகிறது, ஒளியாலும் உணவாலும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எலிகளுக்கு உணவு நேரத்தை மாற்றினால் கல்லீரலின் கடிகாரமும் மாறிவிடுகிறது. சூரியனோடு கட்டிய இரண்டு மணி நேரப் பங்கீடு அதில் எங்கும் இல்லை. உறுப்புக் கடிகாரத்தை நம்பும் தொழிலாளி கல்லீரல் புள்ளியில் ஊசி போட்டுக்கொண்டு இரவுவேலையைத் தொடர்வார். உடலியலைப் புரிந்துகொண்டவர் இரவு ஷிப்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, நடுநிசியில் என்ன சாப்பிடுவது, பகலில் எப்படி இருட்டறையில் தூங்குவது என்று கேட்பார்.

நூற்பாலையில் இது இன்னும் கூர்மையாகிறது. பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் மார்பு இறுகும், மூச்சுத் திணறும். நாள் செல்லச் செல்ல நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறையும். சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். சீனக் கோட்பாட்டில் மண் உலோகத்தைப் பெறுகிறது; எனவே நுரையீரல் பலவீனத்துக்கு மண்ணீரலை வலுப்படுத்துவது பழைய, மதிக்கப்பட்ட சிகிச்சை நெறி. கார்டிங் பகுதியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த நெறிப்படி மண்ணீரல் புள்ளியில் ஊசி போட்டால் என்ன ஆகும்? அவருடைய மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை நடக்காது, தூசியை உறிஞ்சும் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நிறுவனமும் பொறுப்பேற்காது. நுரையீரலுக்குத் துக்கத்தைக் காரணமாகச் சொன்னால் அவருடைய மனநிலையே குற்றவாளியாகிவிடும். உறுப்பின் பெயரை மாற்றிப் புரிந்துகொள்வது நோயாளியோடு நிற்பதில்லை. தொழிலிடத்தின் பொறுப்பையும் மறைத்துவிடுகிறது.

மேலை அளவுகோலால் கீழை அறிவை அளக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டையும் எதிர்கொள்ள வேண்டும். உடற்கூறு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பதற்குத் தமிழே சாட்சி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1848 முதல் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு நூல்களைத் தமிழாக்கினார். அதைப் படித்துத் தேறியவர்கள் தமிழ் மருத்துவர்களே. இந்திய மருத்துவ மரபுக்குள்ளிருந்தும் இந்தத் தேவை உணரப்பட்டது. கல்கத்தாவின் கணநாத் சென்னும் கோட்டக்கல்லின் பி. எஸ். வாரியரும் இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ஆயுர்வேத மாணவர்களுக்காக நவீன உடற்கூற்றைச் சமஸ்கிருதத்தில் எழுதினார்கள். இன்று பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் சித்த மருத்துவம் படிப்பவர்கள் உடற்கூறு படித்தே பட்டம் பெறுகிறார்கள். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெறும் அக்குபங்சர் சிகிச்சையாளரிடம் அதே அறிவை எதிர்பார்ப்பதில் எந்த ஆதிக்கமும் இல்லை.

ஏழைத் தொழிலாளிக்கு வேறு வழி இல்லையே என்று கேட்பவர்களின் அக்கறை நியாயமானது. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க முடியாதவரை, மாலையில் திறந்திருக்கும் நிலையம் வரவேற்கிறது. அதற்கு விடை பொதுமருத்துவத்தை அவர் அருகே கொண்டுவருவதுதான். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்க்கிறது. சிறுநீரகத்தை அரிக்கும் முதன்மைக் காரணங்கள் இவ்விரண்டும்தான். 2022 ஜனவரியில் திருப்பூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் முற்றும்வரை வலிக்காது; இடுப்பில் வலிப்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து தைத்த தசையும் முதுகெலும்பும். வலிக்காத கிட்னி பழுதாகிக்கொண்டிருக்கலாம், வலிக்கும் இடுப்புக்குக் கிட்னியோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். இதை இரத்தச் சோதனை சொல்லும், மணிக்கட்டு சொல்லாது. உடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் அறியும். 2018 ஜூலையில் காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது, இரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண் உயிரிழந்தார். அது ஊசி சிகிச்சையால் நேர்ந்ததல்ல. ஆனால் பரிசோதனையும் மருத்துவமனையும் வேண்டாம் என்ற போதனை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

ஆகவே சீன மருத்துவ உறுப்புகளை உடற்கூற்றோடு இணைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: பெயரளவில் இணைக்கலாம், தீர்ப்பளவில் இணைக்கக் கூடாது. மண்ணீரல் பலவீனம் என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால், பசியின்மை, வயிறு உப்புசம், சோர்வு ஆகியவற்றுக்கு அவர் வைத்திருக்கும் தொகைப் பெயர் அது என்று கொள்ளலாம். அந்தத் தொல்லைகள் உண்மையானவை. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் தரும் மருத்துவர்கள் அவற்றைக் கேட்கும் பொறுமையை அந்தச் சிகிச்சையாளர்களிடம் கற்கலாம். ஆனால் அந்தத் தொகைப் பெயரை வைத்து ஒரு மாத்திரையை நிறுத்தவோ, ஒரு சோதனையைத் தள்ளிப்போடவோ, ஒரு பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளவோ யாருக்கும் உரிமை இல்லை. அக்குபங்சரைத் தனி முறையாக ஏற்ற அரசு, அதன் பாடத்திட்டத்தில் உடற்கூறையும், ஆபத்தான அறிகுறிகளை அடையாளம் கண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் பயிற்சியையும் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் உறுப்புகள் செயல்களின் வட்டங்களே என்று நம்பும் சிகிச்சையாளர்கள், சதை உறுப்பின் நோய்களைக் குணப்படுத்துவதாக வைத்திருக்கும் பலகைகளைத் தாமாகவே இறக்க வேண்டும். யுன் தியெச்சியாவ் 1922-ல் தந்த விடையை உண்மையாக ஏற்பவர்களுக்கு இதுவே முதல் கடமை.